என்னவெல்லாம் செய்யாது என்று கேட்டவர்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களில் நாலைந்து பேராவது ஃபோன் செய்வார்கள். அவர் இப்போது எங்கே இருக்கிறார், சௌக்கியமா, இன்னும் அதே கரமனை வீடுதானா என்று என்னிடம் விசாரிப்பார்கள். என்னை விசாரிக்க மறந்து வைத்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இது இப்படித்தான் நடக்கிறது.

முதலில் ஞாபகம் வருவது ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கத்தில் ஒரு காப்பிக் கடை. தொண்ணூறுகளின் கடைசி. அலுவலகம் விட்டு ஐந்தாறு பேர் போயிருந்தோம். அவர் வேலையில் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். சப்ளையர் வந்து நின்று, கடையில் இருப்பதையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பிக்க ஆரம்பித்தார். புதிதாகச் சேர்ந்த அந்த அம்மாள் கையை லேசாக உயர்த்தினார்.

“சேட்டா, எந்தொக்கெயா இல்லாத்தது?”

என்னவெல்லாம் இல்லை என்று கேட்கிறார். சப்ளையர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டார். அப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருந்தது. ஒரு நிமிஷம் யோசித்து, பூரி இல்லை, மசால் தீர்ந்துவிட்டது என்றார். அப்புறம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “வட ராவிலத்தெயா மேடம். வேண்டா” என்றார். வடை காலையில் போட்டதாம்.

நான் அதற்குள் வடை சொல்லியிருந்தேன். அந்தக் கடைக்கு நான் பல வருஷத்து வாடிக்கை. காலையில் போட்ட வடையை எனக்கு எத்தனை மாலைகளில் வைத்திருக்கிறார்களோ தெரியாது. அன்றும் வைத்தார்கள். சாப்பிட்டேன்.

எங்களுடையது அரசாங்கத்துக்குச் சொந்தமான, ஆனால் அரசாங்கம் அல்ல என்று எல்லோரும் சொல்லிக்கொள்ளும் ஒரு நிறுவனம். கொள்முதல் விதிகள், ஒப்பந்த விதிகள், விடுப்பு விதிகள், எந்தக் கோப்பு எந்த மேசையைத் தாண்டி எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது எல்லாம் எனக்கு மனப்பாடம். கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் படித்தேன். கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி டேட்டாபேஸைப் பராமரிக்க, அவர் வருவதற்கு முன்னால் அந்தக் கட்டிடத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

அவருடைய நேர்முகத் தேர்வில் குறிப்பெடுக்கும் அதிகாரி நான்தான். கல்லூரியிலிருந்து வந்திருந்த நிபுணர், இரண்டு பேர் ஒரே தகவலை ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டு நின்றால் எப்படி விடுவிப்பது என்று கேட்டார். அவர் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, “தெரியாது சார்” என்றார். அடுத்த கேள்விக்கும் அதே பதில். மூன்றாவது கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, “ஆனா இது தெரியாம ஒருநாள் வேலை பாத்து என்ன ஆச்சுன்னு தெரியும். அதைச் சொல்லட்டுமா?” என்று கேட்டார். நிபுணர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். கதை முடிந்தபோது மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் அவர் முதல்.

என்னுடைய நேர்முகத் தேர்வில் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் நான் பதில் சொன்னேன். காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் வளைகுடாவுக்குப் போனதால் வேலை கிடைத்தது.

ஆள் பார்க்க விசேஷமாக ஒன்றும் இல்லை. ஒல்லி, சற்றுக் கூன் விழுந்த தோள், ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். நாற்காலியில் ஒரு காலை மடித்துப்போட்டுத்தான் உட்காருவார், எம்.டி.யின் அறையிலும். கரமனை அக்கிரகாரத்திலிருந்து பஸ் ஏறி வருவார். தினமும் தாமதம். மற்றவர்கள் தாமதத்துக்குக் காரணம் சொல்வார்கள். அவர், “கிளம்பவே நாழியாயிடுத்து சார், பஸ் மேல பழி இல்லை” என்பார். வருகைப் பதிவேட்டை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் சொல்கிறவரை மடக்குவதற்கு எனக்கு வழி தெரியும். இப்படிச் சொல்கிறவரை என்ன செய்வதென்று எந்த விதியிலும் இல்லை.

என் மனைவியையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் ஏதோ கையெழுத்துக்காக வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். என் மனைவிக்கு அக்கிரகாரத்து ஆட்கள் வந்தால் சமையல் பற்றிப் பேச ஒரு தயக்கம் உண்டு. வந்தவர் நேராக அடுக்களை வாசலில் போய் நின்று, “மாமி, நேக்கு அவியல் வராது கேட்டேளா. அது ஒவ்வொரு தடவையும் கூட்டாயிடறது. எங்காத்துல யாருக்கும் சொல்லத் தைரியம் இல்லை, சாப்பிடறா” என்றார். அவ்வளவுதான். அன்று முதல் எங்கள் வீட்டில் அவியல் செய்த நாளெல்லாம் ஒரு தூக்கு எனக்காக வாசலில் தயாராக இருக்கும், அலுவலகத்துக்குக் கொண்டுபோய் அவரிடம் கொடுக்க.

“அது நல்ல பிள்ளையாக்கும்” என்பாள் மனைவி. “தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுகு பாத்தியளா. எல்லாரும் அப்பிடிச் சொல்லுவாளா?”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் நிறுவனத்தின் தகவல்கள் மூன்று விதமான இயந்திரங்களில் கிடந்தன. ஊழியர் சம்பளம் பழைய யூனிக்ஸ் இயந்திரத்தில். வரவு செலவு, கணக்குப் பிரிவின் விண்டோஸ் சர்வரில். கிளைகளின் வாடிக்கையாளர் விவரம், கட்டற்ற மென்பொருள்தான் வேண்டும் என்று மேலிடத்தில் சொன்ன பிறகு வாங்கிய லினக்ஸ் இயந்திரத்தில். மூன்றும் மூன்று அறைகளில். ஒவ்வொன்றையும் பராமரிக்க ஒவ்வொரு மென்பொருள். ஒன்றில் பழகிய கை மற்றதில் ஓடாது. சம்பள அறை ஏ.சி.யில் பல் கிட்டிக்கொள்ளும். அங்கே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை. கணக்குப் பிரிவில் ஏ.சி. கிடையாது, சட்டை முதுகில் ஒட்டும். லினக்ஸ் இயந்திரம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. குனிந்து நுழைய வேண்டும்.

எம்.டி. ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, அறைகள் மாறி மாறி அலைவது அவருக்குப் பிடிக்காது. ஒரே மென்பொருள், எந்த இயந்திரத்திலும் ஓட வேண்டும், ஒரே நாற்காலியிலிருந்து மூன்று டேட்டாபேஸ்களையும் பார்க்க முடிய வேண்டும், எதை வாங்கலாம் என்று சொல்லுங்கள் என்று ஒரு குழு போட்டார். நான் கன்வீனர். கரமனைக்காரர் தொழில்நுட்ப உறுப்பினர். மூன்றாவது, செங்கன்னூர்க்காரரான பினான்ஸ் ஆபீசர். கையெழுத்துப் போடுவதற்கு முன் எப்போதும் பேனாவை இரண்டு முறை உதறிப் பார்ப்பவர். வாங்கி முடிந்ததும் சிஸ்டம்ஸ் பிரிவு என்று ஒன்று புதிதாக வரும், அதற்கு ஒரு மேனேஜர் வேண்டும், இந்த வேலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றும் எம்.டி. சொன்னார்.

அந்த நாற்காலி எனக்கு வேண்டும். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சீனியாரிட்டி என்னுடையது, படிப்பு என்னுடையது, கன்வீனர் பதவியும் என்னுடையது. இடையில் அவர் ஒருவர்தான்.

நான் முறைப்படி ஆரம்பித்தேன். ஒரு மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வைத்து, அழகான ஒரு ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தேன். பினான்ஸ் ஆபீசர் அதைப் பார்த்து, “சாரே, இது ஃப்ரேம் செய்து மாட்டணும்” என்றார். கரமனைக்காரர் அட்டவணையை மெதுவாகப் படித்துவிட்டு, “ரொம்ப நன்னாருக்கு சார்” என்றார். உண்மையாகத்தான் சொன்னார். பிறகு, “இதுல செய்யாததுக்கு ஒரு கட்டம் இல்லையே?” என்றார்.

“செய்யாததற்கு எதற்கு மதிப்பெண்?”

“மதிப்பெண் வேண்டாம் சார். சொல்றாளா இல்லையான்னு பாக்கலாம்.”

அந்தக் கட்டத்தை நான் சேர்க்கவில்லை. அட்டவணை அகலம் தாளுக்குள் அடங்காது என்று சொன்னேன். அது நிஜமும்கூட.

முதலில் எறணாகுளத்திலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். டை, புரொஜெக்டர், எங்களுக்கெல்லாம் தோல் உறை போட்ட டைரி. அவருடைய மென்பொருள் கண்ணைப் பறித்தது. டேட்டாபேஸ் முழுவதும் படமாக விரிந்தது. பொத்தானை அழுத்தினால் அறிக்கை, இன்னொன்றை அழுத்தினால் அதற்கு வட்டப்படம். என் அட்டவணையில் டிக் அடித்து டிக் அடித்துக் கை வலித்தது. முடிவில் ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார்.

“இது என்னவெல்லாம் செய்யாது?” என்று அவர் கேட்டார்.

கம்பெனிக்காரர் சிரித்தார். “மேடம், இது எல்லாம் செய்யும்.”

“லினக்ஸ்ல உக்காந்து ஓட்டலாமா?”

“அடுத்த வெர்ஷனில் வருகிறது மேடம்.”

“அப்ப இப்ப ஓடாது.”

“இப்போதும் லினக்ஸில் இருக்கிற டேட்டாபேஸை விண்டோஸில் உட்கார்ந்து பார்க்கலாமே.”

“பாக்கலாம். நான் கேட்டது அதில்லை” என்றார் அவர், கொஞ்சமும் கடுமையில்லாமல். பிறகு தனக்குக் கொடுத்த டைரியைத் திறந்து, தாள் வழவழப்பாக இருப்பதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஒரு தாடிக்காரர் வந்தார். ஜிப்பா, சணல் பை. அவருடைய மென்பொருள் இலவசம். இணையத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதை நிறுவிக் கொடுத்துச் சொல்லிக் கொடுப்பதற்கு மட்டும் கட்டணம். திரையில் அது பார்க்க மழையில் நனைந்த பேப்பர் மாதிரி இருந்தது. நான் அட்டவணையை எடுப்பதற்குள் அவர் தன் கேள்வியைக் கேட்டுவிட்டார். தாடிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“படம் வரையாது. பிரிண்ட் எடுத்தால் கோரமாக இருக்கும். உங்கள் யூனிக்ஸ் இயந்திரத்தில் நேராக ஓட்டினால் திறக்கிறதற்குள் ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம். உதவிப் பக்கங்களில் பாதி யாரும் இன்னும் எழுதவில்லை.”

“வேற?”

“வேற... மூடும்போது கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கும். மாற்றியதைச் சேமிக்கணுமா, நிச்சயமா, என்று. அதை நிறுத்த வழியில்லை.”

கேள்வி கேட்டவர் முகத்தில் அப்போது ஒரு சந்தோஷம் வந்தது. நல்ல சங்கீதக் கச்சேரியில் முன்வரிசைக்காரர்கள் முகத்தில் வருமே, அது. என் அட்டவணைப்படி தாடிக்காரருக்குக் கம்பெனிக்காரர் வாங்கியதில் பாதி மதிப்பெண்கூட இல்லை.

முடிவு செய்வதற்கு முன் இரண்டையும் எம்.டி. முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றேன். சோதனையை அசல் தகவல் மேல் நடத்தக்கூடாது, நகல் எடுத்து அதன்மேல் நடத்த வேண்டும் என்பது நானே எழுதிய சுற்றறிக்கை. நகல் எடுக்கும் பொறுப்பைத் தொழில்நுட்ப உறுப்பினரான அவரிடம் கொடுத்தேன்.

அன்று எம்.டி.யின் மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர். கம்பெனிக்காரர் உட்கார்ந்தார். ஒரு ஜன்னலில் சம்பளத்தின் அசல், இன்னொரு ஜன்னலில் நகல். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. எது எதுவென்று ஜன்னலின் அடியில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் போட்டிருந்தது. கம்பெனிக்காரர் பேசிக்கொண்டே இரண்டுக்கும் மாறி மாறிப் போய்வந்தார். ஓர் ஊழியரின் பதிவை அழித்துக் காட்டுகிறேன், பிறகு திரும்பக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றார். கட்டளையைத் தட்டினார். எந்த ஊழியர் என்று குறிப்பிடும் வரியை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் ஓட்டிவிட்டார். சம்பளப் பட்டியல் முழுவதும் போய்விட்டது. பரவாயில்லை, நகல்தானே என்று சிரித்தபடி கீழே பார்த்தவரின் சிரிப்பு பாதியில் நின்றது. அடியில் இருந்த எறும்பு எழுத்து, அசல் என்றது.

எம்.டி. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பினான்ஸ் ஆபீசர், “என்றெ பகவானே” என்றார். கம்பெனிக்காரர் அவசரமாக அந்த ஜன்னலை மூடினார். மூடினால் திரும்பிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த மென்பொருள் மூடும்போது எதையும் கேட்காது. செய்ததைச் செய்தபடியே சேமித்துவிட்டு மூடிக்கொள்ளும். பயனாளருக்கு வசதி என்று அதற்கு என் அட்டவணையில் ஒரு டிக் இருந்தது.

“பதறாதேங்கோ” என்றார் அவர், காலை மடித்துப்போட்டபடியே. எம்.டி.யைப் பார்த்துச் சொன்னார்: “ரெண்டும் நகல்தான் சார். ஒண்ணுக்கு அசல்னு பேர் மட்டும் வெச்சேன்.”

“எதற்கு?”

“போன வாரம் என் கம்ப்யூட்டர்ல ரெண்டையும் போட்டுப் பாத்தேன். இதே தப்பை நானே பண்ணினேன். அப்பவும் நகல்தான், தப்பிச்சேன். அப்புறம் யோசிச்சேன் சார். இத்தனை நாளும் நாம இந்தத் தப்பை ஏன் பண்ணலை? குளிர்ந்தா சம்பளம், வேர்த்தா கணக்கு, தலை இடிச்சா கிளை. எந்த மெஷின்ல இருக்கோம்னு உடம்பே சொல்லிண்டிருந்தது. ஒரே நாற்காலிக்கு வந்துட்டா யார் சொல்லுவா? அந்தச் சாப்ட்வேர்தான் சொல்லணும். இது சொல்ற சத்தம் போறலை.”

தாடிக்காரரின் மென்பொருளைத் திறந்தார். அதில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு நிறம் கொடுக்க முடிந்தது. அசல் ஜன்னலைச் சுற்றிச் சிவப்புப் பட்டை, கல்யாணப் பந்தல் மாதிரி. அதை மூடப் போனபோது, சேமிக்கணுமா, நிச்சயமா என்று கேட்டது. “நிச்சயமில்லை” என்று அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினார். எம்.டி. சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

யோசித்துப் பாருங்கள். நகல் எடுக்கச் சொன்ன சுற்றறிக்கை என்னுடையது. தப்பு செய்தது அவர். செய்தேன் என்று சொன்னதற்குப் பாராட்டு அவருக்கு. எம்.டி. என் அட்டவணையை மடித்துக் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தார். வேண்டுமென்று வைக்கவில்லை. கைக்குக் கிடைத்தது அது.

இலவச மென்பொருளே தேர்வாயிற்று. பினான்ஸ் ஆபீசர் பேனாவை ஒரே ஒரு முறை உதறிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் எல்லாக் கிளைகளிலிருந்தும் ஆட்களை வரவழைத்து ஒரு பயிற்சி வகுப்பு. நடத்தியவர் அவர். ஆரம்பத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, “இதில் எனக்குப் பாதிதான் தெரியும். மீதியை எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிக்கலாம். ஆனால் சார் இருக்கிறார். சாருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை” என்றார். கை தட்டினார்கள். நானும் கும்பிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் பார்க்கிறேன், அவரைச் சுற்றிக் கூட்டம். ஆளாளுக்குத் தாங்கள் செய்த தப்புகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் தெரிந்த என் பக்கத்தில் பாயச வாளி மட்டும் இருந்தது. அவர் அன்று என்னைப் புகழ்ந்தாரா, மாட்டிவிட்டாரா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். புகழ்ந்தார் என்றுதான் ஒவ்வொரு தடவையும் முடிவுக்கு வருகிறேன். அதுதான் தாங்கவில்லை. மாட்டிவிட்டிருந்தால் அவரைப் பிடிக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

சில நாளில் எம்.டி. எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேனேஜர் பதவிக்கு அரசாணை வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, நேராக அவரைப் பார்த்து, “மேடம் எடுத்துக்கொள்கிறீர்களா?” என்றார். சீனியரைக் கேட்ட பிறகுதான் ஜூனியரைக் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறதா என்று அன்று வீட்டுக்குப் போய்த் தேடினேன். இல்லை.

அவர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே கேட்டார்: “சார், அந்த வேலையில என்னவெல்லாம் இருக்காது?”

எம்.டி. நேர்மையான ஆள். யோசித்தார். “மெஷினைத் தொட நேரம் இருக்காது. கோப்பு, மீட்டிங், ஆடிட். நினைத்த நேரத்தில் வீட்டுக்குக் கிளம்ப முடியாது.”

“எங்கில் எனிக்கு வேண்டா சார்.” அப்படியென்றால் வேண்டாமாம். ஒரு மூச்சு அளவுகூட யோசிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, உண்மையான பிரியத்தோடு சொன்னார்: “சார் உண்டல்லோ. சாரினு கொடுத்தால் மதி.”

சார் இருக்கிறாரே, சாருக்குக் கொடுத்தால் போதும். அப்போதுதான் எம்.டி. என்னைப் பார்த்தார், அறையில் அப்படி ஓர் அலமாரி இருப்பதை முதல் தடவையாகக் கவனிப்பவரைப் போல. ஆமாம், அதுவும் சரிதான் என்றார். உத்தரவில் சீனியாரிட்டி அடிப்படையில் என்று எழுதியிருந்தது. நான் ஆசைப்பட்ட அதே நாற்காலி, அதே சம்பளம், அதே அறை. மனைவி இனிப்பு செய்தாள். “அந்தப் பிள்ளைக்கும் ஒரு தூக்கு கொண்டுபோவணும் கேட்டியளா” என்றாள். கொண்டுபோனேன்.

மேனேஜர் அறைக்குப் போன முதல் வாரத்தில் மேசைமேல் ஃபோன் நிறைய அடித்தது. எடுத்தால், “மேடம் உண்டோ?” என்பார்கள். இல்லை, நான் மேனேஜர் பேசுகிறேன், என்ன வேண்டும் என்றால், “சாரமில்ல, பின்னெ விளிக்காம்”, பரவாயில்லை, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவார்கள். அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று விசாரித்து அங்கே கூப்பிட்டுக்கொள்வார்கள். பக்கத்து அறைதான். சுவர் வழியாக அவர் குரல் கேட்கும். “அறிஞ்ஞூடா மோளே, நோக்கிப் பறயாம்.” தெரியாதம்மா, பார்த்துச் சொல்கிறேன். அதைத் தொடர்ந்து சிரிப்பு.

ஒருநாள் கணக்குப் பிரிவு லீலாம்மா வந்தார். என்னிடம் நேராக வந்த முதல் ஆள். ஒரு தாளைக் காட்டினார். புதிய மென்பொருளில் சம்பள இயந்திரத்திலிருந்து எடுத்த பட்டியல். அதில் சில பேருடைய பிறந்த தேதிகளில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன, சில பேருடையதில் சரியாக இருந்தன. ஏன் என்று கேட்டார். எனக்குக் காரணம் தெரியவில்லை. என் வழக்கப்படி, குறிப்பு எழுதி மேலனுப்புங்கள், பரிசீலிக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அன்று என்னவோ தோன்றியது. வருஷக்கணக்காக அவர் வாயிலிருந்து நான் கேட்டுவரும் சொல். சொல்வதற்கு ஒரு செலவும் இல்லை.

“தெரியாது, லீலாம்மா” என்றேன். அவரைப் போலவே லேசாகச் சிரிக்கவும் செய்தேன்.

லீலாம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஓ” என்று சொல்லி, நுனிக்காலில் நடப்பவரைப் போல வெளியே போனார்.

கால் மணி நேரத்தில் பினான்ஸ் ஆபீசர் எட்டிப் பார்த்தார். “எந்தா சாரே, சுகமில்லே?” நன்றாக இருக்கிறேன் என்றேன். பிரஷர் பார்த்தீர்களா என்று கேட்டார். வாசலில் இரண்டு பேர் எதையோ தேடுகிறவர்கள் போல நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மேனேஜருக்கு ஒன்றும் அறிஞ்ஞூடா என்ற செய்தி மாடிப்படியில் ஏறி எம்.டி.யின் தளம் வரை போயிருந்தது.

அப்போதுதான் பக்கத்து அறையிலிருந்து அவர் உள்ளே வந்தார். பின்னால் லீலாம்மா, அதே தாளோடு.

“கேள்விப்பட்டேன் சார். வாங்கோ, சேர்ந்து பாக்கலாம்.” எதிர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, காலை மடித்து உட்கார்ந்து, என் திரையில் இருபது நிமிஷம் எதையெல்லாமோ திறந்து மூடினார். நானும் என் பங்குக்குத் தட்டினேன். இருவருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, லீலாம்மாவிடம் சொன்னார்:

“எனிக்கும் அறிஞ்ஞூடா லீலாம்மே.”

லீலாம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “அய்யோ! மேடத்தினு போலும் அறிஞ்ஞூடெங்கில், இது சின்ன விஷயமொந்நும் அல்லல்லோ!”

மேடத்துக்கே தெரியவில்லையென்றால், இது லேசுப்பட்ட விஷயம் இல்லை. அவ்வளவு கடினமான ஒன்றைத் தான் கண்டுபிடித்துவிட்ட பெருமை அந்த முகத்தில் இருந்தது. மேடம் களைத்திருப்பார், சாயா கொண்டுவரச் சொல்கிறேன் என்று ஓடினார். கதவைத் தாண்டியவர் நின்று, ஏதோ நினைவு வந்தவராகத் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“சாரினும் ஒந்நு பறயட்டே?” சாருக்கும் ஒரு சாயா சொல்லட்டுமா என்கிறார்.

வேண்டும் என்றேன். வேண்டாம் என்றால் அதையும் பேசுவார்கள்.